பழைய எலக்ட்ரிக் கார் வாங்கி ஏமாந்தீர்களா? தென்னாப்பிரிக்காவில் டீலரிடம் பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

கேட்டோ ரிட்ஜ் ஏற்றத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் ஆமை எரிந்தது. நிசான் லீஃப் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆமையைத் தெரியும். பேட்டரியில் சரக்கு தீர்ந்தது, இனி வண்டி ஊரத்தான் செய்யும் என்று அர்த்தம். 2023 புனித வெள்ளி அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் பூக்குழிக்குக் கிளம்பியிருந்தோம். பின் இருக்கையில் மாமியார், அவர் மடியில் தேங்காய் பழத் தட்டு. டர்பனில் முழு சார்ஜோடு புறப்பட்டு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. விற்றவர் சொன்னது 150.

பூக்குழி பார்க்கவில்லை, டோ டிரக்கில் வீடு திரும்பினோம். வண்டி வாங்கி அப்போது இரண்டு மாதம். அடுத்த ஆறு மாதம் கடிதம், படிவம், அஃபிடவிட் என்று அலைந்து அக்டோபரில் பணம் வந்தது. நான் வக்கீல் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஊருக்குப் புதிதாக வந்து, மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய எலக்ட்ரிக் கார் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்காக, நான் செய்த தப்புகளையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. விற்றது யார், வாங்கியது யார்?

இது அசட்டுக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம்) தொழிலாக வண்டி விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒருவர் தன் சொந்தக் காரை உங்களுக்கு விற்றிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அங்கே ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல்லுக்கு இன்னும் உயிர் உண்டு. உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள், பிறகு வராதே என்பது அதன் பொருள். விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் அதை உடைக்கலாம்.

டீலரிடம் வாங்கியிருந்தால் இன்வாய்ஸை எடுத்து, மேலே அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரையும் பதிவு எண்ணையும் பாருங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர், இன்வாய்ஸில் வேறு பெயர் இருப்பது இங்கே சகஜம். புகார் இன்வாய்ஸில் உள்ள பெயருக்குப் போகவேண்டும். நான் முதல் கடிதத்தைப் பலகைப் பெயருக்கு எழுதினேன். “அப்படி ஒரு கம்பெனியே இல்லையே” என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டார்கள்.

அடுத்தது நமக்கே உரிய சிக்கல். வெளிநாட்டுக்காரர் தன் பேரில் வண்டியைப் பதிவு செய்ய டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் வேண்டும். அது வரத் தாமதமானால் “நண்பர் பேரில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று டீலரே யோசனை சொல்வார். வேண்டாம். பணம் கட்டியது நீங்கள், இன்வாய்ஸ் நண்பர் பேரில் என்றால் புகாரில் கையெழுத்துப் போட வேண்டியவர் நண்பர். ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டீர்கள் என்றால், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன ஸ்டேட்மென்ட்டையும் நண்பரின் அஃபிடவிட்டையும் இப்போதே தயார் செய்யுங்கள். அஃபிடவிட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் காசு வாங்குவதில்லை. எழுதிக் கொண்டுபோய் அவர்கள் எதிரில் கையெழுத்துப் போட்டால் முத்திரை குத்தித் தருவார்கள். நகல்களுக்குச் சான்றும் அங்கேயே வாங்கலாம். காலை ஏழு மணிக்குப் போனால் வரிசை இருக்காது.

2. உங்கள் புகாரை ஒரே வரியில் எழுதுங்கள்

என்னுடைய பெரிய தப்பு இதில்தான். “பேட்டரி சரியில்லை” என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: பழைய கார்தானே சார், பேட்டரி தேயத்தான் செய்யும். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது, டர்பன் வெயிலில் பத்து வருஷம் கிடந்தால் தேயும்.

தேய்ந்த பேட்டரியை விற்பது குற்றம் இல்லை. தேய்ந்ததைத் தேயாதது என்று சொல்லி விற்பதுதான் குற்றம். ஆகவே என் வரியை மாற்றி எழுதினேன்: “பேட்டரி ஆரோக்கியம் 90 சதவீதம், ஒரு சார்ஜில் 150 கி.மீ. என்று விளம்பரத்தில் எழுதி விற்றீர்கள். அளந்தால் 62 சதவீதம், சமதரையில் 85 கி.மீ.” இதற்குப் பிறகு “பழைய கார்தானே” என்று சொன்ன ஒருவரும் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை.

சட்டத்தில் இதற்கு இரண்டு கைப்பிடி உண்டு. 41-ஆம் பிரிவு: பொருளைப் பற்றிப் பொய்யாகவோ, திசைதிருப்பும்படியாகவோ சொல்லக்கூடாது, வாங்குபவர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தும் திருத்தாமல் இருக்கக்கூடாது. 55, 56-ஆம் பிரிவுகள்: பொருள் நியாயமான தரத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் டெலிவரி எடுத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள், அபராதம் இல்லாமல், விற்றவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்று வண்டியா, பணமா என்பது வாங்கியவர் சொல்படி.

ஆனால் கதவுக் கைப்பிடி ஆடுகிறது, ரேடியோ கரகரக்கிறது என்பதற்கெல்லாம் வண்டியைத் திருப்ப முடியாது. சின்னக் குறை எல்லாம் சட்டம் சொல்லும் ‘குறைபாடு’ ஆகாது என்று 2021-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வண்டியின் பயனையே பாதிக்கிற விஷயத்தைப் பிடியுங்கள். எலக்ட்ரிக் காரில் அது பெரும்பாலும் பேட்டரிதான். மாடல் வருஷம், விபத்து வரலாறு, சொன்ன ஃபாஸ்ட் சார்ஜிங் வசதியே இல்லாதது என்று மற்றவையும் உண்டு.

3. விளம்பரம் மறைவதற்குள் பிடியுங்கள்

வண்டி விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். கார் இன்னும் வாங்காமல் இதைப் படிக்கிறவர்கள் பாக்கியசாலிகள்: விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் விலையும் ஸ்டாக் எண்ணும் தெரியும்படி. வாங்கிவிட்டவர்கள், விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கைத் தேடுங்கள். லிங்க் செத்திருந்தாலும் அதனுடன் வந்த சின்னப் படமும் தலைப்பு வரியும் சாட்டில் அப்படியே நிற்கும். எனக்கு “90% எஸ்ஓஎச்” (பேட்டரி ஆரோக்கியத்தைத்தான் சுருக்கி அப்படிச் சொல்வார்கள்) என்ற சொல் அந்தத் தலைப்பில்தான் கிடைத்தது.

வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஃபோன் தொலைந்தால் வழக்கும் தொலையும். வாய்ச்சொல்லாக மட்டும் ஏதாவது சொல்லியிருந்தால், “அன்று நீங்கள் சொன்னது இதுதானே?” என்று மரியாதையாக ஒரு மெசேஜ் போடுங்கள். பாதிப் பேர் “ஆமாம்” என்று பதில் போட்டுவிடுவார்கள்.

ஒரு கோப்பில் இவை எல்லாம் இருக்கவேண்டும்: ஆஃபர் டு பர்ச்சேஸ் படிவம் (வாங்க ஒப்புக்கொண்டு நீங்கள் கையெழுத்துப் போட்டது), இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, டெலிவரி நோட், பதிவுச் சான்றிதழ், ரோட்வொர்த்தி சான்றிதழ், விளம்பரம், உரையாடல்கள். ரோட்வொர்த்தி என்றதும் ஒன்று. “ரோட்வொர்த்தி பாஸ் ஆன வண்டி சார்” என்று எத்தனை முறை சொன்னார்கள் என்று கணக்கே இல்லை. அந்தச் சோதனை பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் பார்ப்பது. பேட்டரியின் கொள்ளளவை அது தொடுவதே இல்லை.

ஆஃபர் டு பர்ச்சேஸ் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். “பேட்டரி பற்றி உத்தரவாதம் இல்லை” என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். பயப்படவேண்டாம். இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாக, வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் தெரிந்து ஒப்புக்கொண்டிருந்தால்தான் தரம் பற்றிய உரிமை போகும். பொத்தாம்பொதுவான ஃபுட்ஸ்டூட்ஸ் வரி டீலருக்குக் கேடயம் ஆகாது. ஆனால் “பேட்டரி 8 கட்டம்தான் உள்ளது, அறிந்தேன்” என்று எழுதி உங்கள் கையெழுத்து இருந்தால் வேறு கதை. கட்டம் என்றால் என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்.

4. அளந்து எழுதுங்கள்

லீஃபின் சார்ஜ் மானியில் இரண்டு வகைக் கட்டங்கள் உண்டு. அகலமானவை இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். அவற்றுக்கு வலது ஓரத்தில் ஒட்டினாற்போல் மெல்லிய கட்டங்கள் 12 இருக்கும். அவைதான் பேட்டரியின் ஆயுள். முதல் கட்டம் சுமார் 15 சதவீதம் தேய்ந்ததும் போகும், பிறகு ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். 12-ம் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் நான் வாங்கினேன்.

அந்த 12 கட்டத்தைப் பொய்யாக வரவழைக்க முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியின் நினைவை அழித்து மீட்டமைத்தால் அது தன்னைப் புதிது என்று நினைத்துக்கொண்டு 12 கட்டமும் காட்டும். வண்டி ஓட ஓட உண்மை தெரிந்து, சில வாரங்களில் ஒவ்வொன்றாக உதிரும். எனக்கு மார்ச்சில் இரண்டு போயின, ஈஸ்டருக்குள் இன்னும் இரண்டு. இயற்கையாகத் தேயும் பேட்டரி இரண்டு மாதத்தில் நான்கு கட்டம் இழக்காது. இந்த வேகமே ஆதாரம்.

செய்யவேண்டியது இதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (மெக்கானிக்குகள் வண்டியின் கணினியைப் படிக்கும் துளை) செருகும் சின்ன புளூடூத் கருவி வாங்குங்கள். நான் 350 ரேண்ட் கொடுத்தேன். ஃபோனில் லீஃப் ஸ்பை செயலி. மற்ற கார்களுக்கும் இதுபோல் உண்டு. அது பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர் மணியில் காட்டும். 24 கிலோவாட் மணி லீஃபுக்குப் புதிதில் 65 சுற்றுவட்டாரம். எனக்கு ஏப்ரலில் 41. தினமும் ஒரே நேரத்தில், ஓடோமீட்டரும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம். அவ்வளவுதான்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். மலை ஏற்றத்தில் அல்ல. கேட்டோ ரிட்ஜ் கதையை டீலரிடம் சொன்னபோது “அந்த ஏற்றத்தில் எந்த எலக்ட்ரிக் காரும் திணறும்” என்றார், அதிலும் பாதி உண்மை இருந்தது. அதனால் உம்லாங்கா பக்கம் கடலோரமாக என்2 சாலையில், ஏசி போடாமல், மணிக்கு 90-ஐத் தாண்டாமல் மூன்று நாள் ஓட்டினேன். 84, 87, 85 கி.மீ. அவருக்குச் சாதகமான நிபந்தனையில் அளந்ததால் யாரும் குறை சொல்ல முடியவில்லை.

கடைசியாக, எலக்ட்ரிக் கார் தெரிந்த தனி மெக்கானிக் ஒருவரிடம் லெட்டர்ஹெட்டில் அறிக்கை. எனக்கு 1,900 ரேண்ட் ஆனது. சேசிஸ் எண், ஓடோமீட்டர், தேதி, அளவு, அளந்த முறை, கையெழுத்து எல்லாம் இருக்கவேண்டும். அவர் வண்டியைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று பேச்சு மாறும்.

5. டீலருக்கு எழுத்தில்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் மூன்றாம் தலைமுறை. தமிழ் கேட்டால் புரியும், பேச்சு ஆங்கிலம். நான் டீலரிடம் ஃபோனில் கத்துவதை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர், “தம்பி, நோ ஃபோன். பேப்பர். ஒன்லி பேப்பர்,” என்றார். இந்தக் கட்டுரையில் உருப்படியான அறிவுரை அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு விற்றவர் கோயிலில் பார்த்துப் பழகிய முகம். “பிரதர், நம்ம ஆளுக்கு நான் அப்படிச் செய்வேனா?” என்ற ஒரு வரியில் சில நாள் எழுதாமல் இருந்தேன். 6 மாதக் கடிகாரம் நம்ம ஆளுக்காக நிற்காது.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவில், மதிக்கப்படவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரே இருக்கிறது. பெருமைதான், ஆனால் படிவம் தமிழில் வராது. நீளமாக எழுதாதீர்கள். ஒரு பக்கம் போதும்: வாங்கிய தேதி, விலை, சேசிஸ் எண், டீலர் சொன்னது இது, விளம்பரம் இணைப்பு ஒன்று, அளந்தது இது, அறிக்கை இணைப்பு இரண்டு, 41, 55, 56-ஆம் பிரிவுகளின்படி வண்டியைத் திருப்பித் தருகிறேன், முழுப் பணம் வேண்டும், 10 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில். “ஏமாற்றுக்காரர்” போன்ற சொல் ஒன்றுகூட வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளைக்கு மூன்றாம் மனிதர் படிக்கப்போகிறார்.

மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஒரு நகலை நேரில் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வரவேற்பில் இருக்கும் பெண் போட்டாலும் போதும்.

லோனில் வாங்கியவர்கள் வங்கிக்கும் அதே நாளில் நகல் அனுப்பவேண்டும். தவணை முடியும்வரை வண்டியின் உரிமை வங்கியிடம்தான். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். டீலர் மேல் உங்களுக்கு இருக்கும் நியாயம் வங்கிக் கணக்கில் தெரியாது, கெட்ட பெயர்தான் தெரியும். விசா புதுப்பிக்கும் சமயத்திலோ வீட்டு வாடகைக்கு விண்ணப்பிக்கும் சமயத்திலோ அது கழுத்தைப் பிடிக்கும். இன்ஷூரன்சையும் நிறுத்தாதீர்கள்.

முடிந்தவரை வண்டியை ஓட்டாமல் வையுங்கள். ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பிறகு கழிவு கேட்பார்கள்.

6. வரப்போகும் பதில்கள்

“லோட் ஷெடிங்கால் பேட்டரி கெட்டது.” 2023-இல் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வாரங்கள் இருந்தன, அதனால் இது கேட்க நியாயமாக இருந்தது. கரண்ட் போனால் சார்ஜ் நிற்கும், வந்தால் தொடரும். இரண்டு மாதத்தில் பேட்டரியின் மூன்றில் ஒரு பங்கை அது தின்றுவிடாது. என் மெக்கானிக் இதை ஒரு வரியாக அறிக்கையில் எழுதித் தந்தார். நீங்களும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

“கம்பெனி வாரன்டி முடிந்துவிட்டது, நாங்கள் என்ன செய்வது?” கம்பெனி வாரன்டி வேறு, சட்டம் தரும் 6 மாதம் வேறு. முன்னது முடிந்ததால் பின்னது போகாது.

“நீங்களே ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து 150 கி.மீ. ஓடுமா என்று யாருக்கும் தெரியாது.

“நாங்கள் வேறொருவருக்காக விற்றுக்கொடுத்தோம், உரிமையாளர் நாங்கள் இல்லை.” இன்வாய்ஸ் யார் பேரில் என்று கேட்டு நிறுத்துங்கள்.

7. ‘ரிப்பேர் செய்து தருகிறோம்’

இது தனித் தலைப்புக்குத் தகுதியான பொறி. நான் விழுந்தேன்.

என் கடிதத்துக்கு மேனேஜரே ஃபோன் செய்தார். “பணம் என்னத்துக்கு, பேட்டரியைச் சரி செய்து தருகிறோம், ஒரு வாரம்.” ஏப்ரல் 20-இல் வண்டியைக் கொடுத்தேன், 28-இல் திரும்பி வந்தது. மானியில் 12 கட்டம், புத்தம் புதுசு மாதிரி. என் மனைவிக்குச் சந்தோஷம். எனக்கு வயிறு கலங்கியது. அன்றிரவே கருவியைச் செருகிப் பார்த்தால் 64 ஆம்பியர் மணி. ஒரு வாரம் கழித்து 57. பிறகு 51. மே மாதக் கடைசியில் 46, மானியில் 9 கட்டம். பழைய வித்தையையே திரும்பக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இதிலேதான் வழக்கு என் பக்கம் திரும்பியது. 56-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது: ரிப்பேர் செய்த 3 மாதத்துக்குள் அதே குறை தீராமல் இருந்தாலோ, புதிதாக ஒன்று தெரிந்தாலோ, விற்றவர் மாற்று வண்டி தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்பவேண்டும். மறுபடியும் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே ரிப்பேருக்கு ஒப்புக்கொண்டால் ஜாப் கார்டு இல்லாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். “பேட்டரி கொள்ளளவு குறைவு, புகார் தேதி இன்னது” என்று அதில் எழுதியிருக்கவேண்டும். திரும்ப எடுக்கும்போது என்ன வேலை செய்தார்கள், எந்த செல் மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என் ஜாப் கார்டில் “பேட்டரி சர்வீஸ்” என்று மட்டும் இருந்தது. எந்த உதிரிபாக எண்ணும் இல்லை. அந்த வெற்றிடம் எனக்கு நன்றாகவே உதவியது.

8. மியோசா

டீலர் பதில் தராவிட்டால், அல்லது மறுத்தால், அடுத்த கதவு மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளர். எல்லோரும் மியோசா என்றே சொல்வார்கள். நுகர்வோர் சட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு. நமக்குக் கட்டணம் இல்லை. டீலருக்கு முதலில் எழுதிப் பார்த்திருக்கவேண்டும் என்பதுதான் நுழைவு நிபந்தனை. ஐந்தாம் படியில் எழுதிய கடிதம் அங்கே உங்கள் டிக்கெட்.

இணையத்தில் உள்ள உதவிக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பி, கோப்பு முழுவதையும் ஒரே பிடிஎஃபாக, பக்க எண் போட்டு அனுப்புங்கள். முதல் பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததைப் பத்து வரியில் எழுதுங்கள். நான் முதலில் நாற்பது தனிப் படங்களை அனுப்பினேன். எந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று கேட்டு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த மூன்று வாரம் என் தப்பு.

அவர்கள் டீலரிடம் விளக்கம் கேட்பார்கள், அதை உங்களுக்கு அனுப்புவார்கள், நீங்கள் மறுமொழி சொல்லலாம், கடைசியில் ஒரு பரிந்துரை வரும். எனக்கு ஜூனில் கொடுத்தது செப்டம்பரில் வந்தது. கோர்ட்டில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் மியோசா தலையிடாது. எனவே வக்கீல் நோட்டீசு, சம்மன் என்று அவசரப்படாதீர்கள். சட்டம் காட்டும் மற்ற வழிகளை முடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்கிற கருத்தை நான் மேலே சொன்ன 2021 தீர்ப்பிலும் காணலாம்.

பரிந்துரை என்பது தீர்ப்பு அல்ல. டீலர் ஒப்புக்கொண்டால், அந்த ஒப்பந்தத்தை இரு தரப்பின் சம்மதத்தோடு தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தின் அல்லது உயர் நீதிமன்றத்தின் சம்மத உத்தரவாக ஆக்கித் தரும்படி கேட்கலாம். பணம் தவணையில் வருவதாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

9. அதுவும் நடக்காவிட்டால்

இந்தப் பாதையில் நான் நடக்கவில்லை, அதனால் சுருக்கமாக. மியோசா கோப்பை மூடிக் கொடுக்கும் கடிதத்தோடு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஆணையம் உங்கள் வக்கீல் இல்லை, எல்லாப் புகாரையும் விசாரணைக்கு எடுப்பதும் இல்லை. எடுக்கமாட்டோம் என்று அறிவிப்பு அனுப்பினால் சோர்ந்து அதைக் குப்பையில் போடாதீர்கள். அது கிடைத்த 20 வேலை நாளுக்குள் நீங்களே தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தின் அனுமதி கேட்டு அங்கே போகலாம். தீர்ப்பாயம் டீலருக்கு அபராதமே விதிக்கமுடியும். ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் அல்லது 10 லட்சம் ரேண்ட், இரண்டில் எது அதிகமோ அதுவரை. பல டீலர்கள் இந்தக் கட்டத்துக்கு முன்பே இறங்கி வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ரேண்ட். முழு வண்டி விலைக்கு அது ஆகாது, டோ டிரக் செலவு, மெக்கானிக் செலவு போன்ற உதிரிகளுக்கு ஆகும். அங்கே வக்கீல் வரக்கூடாது என்பது நமக்கு நல்லது. அதற்கு மேல் 2 லட்சம் வரை மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட், 4 லட்சம் வரை ரீஜனல் கோர்ட். நடந்ததிலிருந்து 3 வருஷம் கடந்தால் சட்டத்தின்கீழ் எல்லாக் கதவும் மூடிவிடும்.

10. பணம் வாங்கும் நாள்

நான் வண்டிக்குக் கொடுத்தது 1,64,000 ரேண்ட். டீலர் முதலில் 14,000 கழித்துக்கொண்டு தருவதாகச் சொன்னார், ஓட்டிய கிலோமீட்டருக்காம். சட்டத்தில் ‘அபராதம் இல்லாமல்’ என்றுதான் இருக்கிறது என்று எழுதினேன். இழுபறி ஆகி 4,000-க்கு முடித்தேன். அந்த 4,000-ஐ விட்டுக்கொடுத்தது சரியா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. இன்னும் இரண்டு மாதம் அலைய எனக்குத் தெம்பு இல்லை.

சமரசப் பத்திரம் ஒன்று நீட்டுவார்கள். “முழுமையான, இறுதியான தீர்வு” என்ற வரி இருக்கும். சரிதான், ஆனால் தொகையும் பணம் வரும் தேதியும் அதே பக்கத்தில் இருக்கவேண்டும். இணையத்தில் எழுதிய விமர்சனத்தை நீக்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், பணம் வந்தபின் நீக்குவதாக மாற்றச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறி, உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே பார்த்தபிறகுதான் சாவி. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது.

சாவி கொடுக்கும்போது ஓடோமீட்டர், சார்ஜிங் கேபிள், இரண்டாம் சாவி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றே என்சிஓ எனப்படும் உரிமை மாற்ற அறிவிப்புப் படிவம் நிரப்பி, வண்டி உங்களிடம் இல்லை என்று லைசென்சிங் அலுவலகத்தில் கொடுங்கள். அதைச் செய்யாவிட்டால் அடுத்த வருஷ லைசென்ஸ் கட்டணமும், யாரோ ஓட்டி வாங்கிய வேக அபராதமும் உங்கள் பேரில் வரும். இன்ஷூரன்சை ரத்து செய்வது அதற்குப் பிறகு.

வண்டிக்குள் ஒருமுறை நன்றாகத் தேடிவிட்டுக் கொடுங்கள். ஓபிடி கருவியை உருவ மறந்துவிட்டேன், அது போகட்டும். டாஷ்போர்டு பெட்டியில் மாமியாரின் விபூதிச் சம்புடம் இருந்தது. அதற்காக மறுபடியும் அந்த ஷோரூமுக்குப் போய்க் கேட்கவேண்டியதாயிற்று.